நிறம் கூடிய பவளங்கள்: ஒரு வளர்ப்புத் தொட்டியில் நடந்த வெளிறல்

பின்னணி

பொதுமக்கள் வந்து பார்க்கும் ஒரு கடல்நீர்க் காட்சியகத்தில் பவளங்களுக்கென்று இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று, பார்வையாளர்கள் கண்ணாடி வழியே பார்க்கும் காட்சித் தொட்டி. மற்றது பின்னறையில் இருந்த வளர்ப்புத் தொட்டி. தாய்ப் பவளங்களிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளைப் பீங்கான் வட்டுகளில் ஒட்டி வளர்ப்பது அங்கேதான். இரண்டுக்கும் தனித்தனி நீர்ச் சுற்று, தனி வடிகட்டி, தனி விளக்கு.

இந்த ஆய்வில் பேசப்படும் துண்டுகள் எல்லாமே மான்கொம்புப் பவளங்கள், அதாவது அக்ரோபோரா பேரினத்தைச் சேர்ந்தவை. மூன்று தாய்ப் பவளங்களிலிருந்து வெட்டப்பட்டவை. அ, ஆ, இ என்று பராமரிப்பாளர்கள் அவற்றுக்குக் குறியிட்டிருந்தார்கள். ஒவ்வொரு தாயின் துண்டுகளும் இரண்டு தொட்டியிலும் இருந்தன. ஒரே தாயிலிருந்து வெட்டிய துண்டுகளுக்கு மரபணு ஒன்றே என்பதால், நிறம் மாறினால் அதற்குச் சூழல் காரணமா பிறவிக் குணம் காரணமா என்று பிரித்துப் பார்க்க முடியும். இப்படி ஓர் ஒப்பீட்டுக்காக யாரும் திட்டமிட்டு அவற்றைப் பிரித்து வைக்கவில்லை. ஒரு தொட்டியில் ஏதாவது கோளாறு வந்தால் இன்னொன்றில் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள்.

தொடக்கத்தில் மூன்றுமே பழுப்பு நிறம். 'அ' துண்டுகளின் நுனியில் மட்டும் லேசான ஊதா. 'ஆ' துண்டுகளில் ஒரு பச்சைச் சாயல். 'இ' வெறும் பழுப்பு.

வளர்ப்புத் தொட்டியில் அடுத்தடுத்து மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளை எடுத்துவிட்டு, நீல ஒளி மிகுந்த எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். கண்ணாடியிலும் வட்டுகளிலும் பச்சை இழைப்பாசி படர்ந்து தொல்லை கொடுத்ததால், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை வடிகட்டியில் போட்டார்கள். அதே காரணத்துக்காக மீன்களுக்கும் பவளங்களுக்கும் தீனியைக் குறைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வழக்கமான வேலைதான். மூன்றும் சில வாரங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. பதிவேட்டிலும் அவை வேறு வேறு பக்கங்களில் இருந்தன.

முதலில் கண்ணில் பட்டவை

சில வாரங்களில் 'அ' துண்டுகள் பளிச்சென்ற ஊதா ஆயின. நுனியில் மட்டும் இருந்த நிறம் கிளை முழுக்க இறங்கியது. 'ஆ' துண்டுகள், நீல விளக்கின் கீழ் கண் கூசும் பச்சையாக ஒளிர்ந்தன. காட்சித் தொட்டியிலோ அவற்றின் உடன்பிறப்புகள் அதே பழைய பழுப்பில் இருந்தன. மேலாளருக்கு மகிழ்ச்சி. பார்வையாளர்கள் பழுப்புப் பவளத்தின் முன்னால் நிற்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. காட்சித் தொட்டிக்கும் இதே விளக்கையும் இதே குருணையையும் போட்டுவிடலாம் என்று முடிவாகி, பொருள்களும் வந்து சேர்ந்தன.

'இ' துண்டுகளின் கதை வேறு. அவை வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளை ஆயின. இந்தத் தாயே பலவீனமானது என்று மூத்த பராமரிப்பாளர் கருதினார். வெளுத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்புறப்படுத்தத் தொடங்கியிருந்தார். காட்சித் தொட்டியில் அதே 'இ' நன்றாக இருப்பதை அவரும் பார்த்திருந்தார். வெட்டி ஒட்டியபோது ஏற்பட்ட காயம் ஆறவில்லை போலிருக்கிறது என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

இந்தப் படத்தில் ஏதோ இடிக்கிறது என்று முதலில் சொன்னவர் இளைய பராமரிப்பாளர். மாலையில் விளக்கு மங்கிய பிறகு பாலிப்புகள் (வாயும் உணர்கொம்புகளும் கொண்ட பவளத்தின் சிறு உடல்கள்) வெளியே நீளும் நேரத்தில், பளிச்சென்ற 'அ', 'ஆ' துண்டுகளில் அவை முன்புபோல் நீளவில்லை என்று குறித்திருந்தார். இன்னொன்றும் செய்திருந்தார். நீல விளக்குகளை அணைத்துவிட்டு, சாதாரண வெள்ளை ஒளியில் துண்டுகளைப் படமெடுத்திருந்தார். அந்தப் படங்களில் 'அ'வின் ஊதா, அடர்ந்த ஊதாவாக இல்லை. பால் கலந்ததுபோல் வெளிர்ந்திருந்தது. 'ஆ' வெளிர் மஞ்சள் கலந்த பச்சை. “சார், மூணும் ஒரே மாதிரிதான் வெளிறியிருக்கு. ரெண்டுல கலர் இருக்கறதால தெரியல, அவ்வளவுதான்” என்று அவர் மேலாளரிடம் சொன்னதாகப் பதிவேட்டில் இருக்கிறது. காட்சித் தொட்டி வேலையை நிறுத்திவைத்துவிட்டு என்னை அழைத்தது அதன் பிறகுதான். இந்த ஆய்வின் மையமே அந்த ஒரு வாக்கியம்தான் என்பேன்.

நிறம் யாருடையது

நடந்ததைப் புரிந்துகொள்ள, பவளத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

பவளம் என்பது சுண்ணாம்பு எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் விலங்கு. அந்தத் தோலின் உள்ளடுக்குச் செல்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. சூசாந்தெல்லே என்பது அவற்றின் வழக்குப் பெயர். சிம்பயோடினியேசியே என்பது குடும்பப் பெயர். ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத் தோலில் சுமார் பத்து லட்சம் என்ற அளவில் இருக்கும். ஒளிச்சேர்க்கையில் அவை ஆக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்குக் கிடைக்கின்றன. பாசியில் பச்சையத்தோடு பெரிடினின் என்ற நிறமியும் இருப்பதால் அதன் நிறம் பொன்பழுப்பு. நலமான பவளங்களில் பெரும்பாலானவை பழுப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். பழுப்பு என்பது அழுக்கு அல்ல, குடியிருப்பவர் நிறைந்திருக்கிறார் என்பதன் அடையாளம்.

ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை ஆகியவை பாசியுடையவை அல்ல. விலங்கு தானே செய்துகொள்ளும் புரதங்கள் அவை. ஜெல்லிமீனில் 1962இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் புரதத்துக்காக அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பவளத்தில் இக்குடும்பப் புரதங்கள் இரண்டு விதம். ஒரு விதம் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழும். 'ஆ' தாயின் பச்சை இது. இன்னொரு விதம் ஒளிராது; மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்கிக்கொண்டு ஊதாவாகவோ நீலமாகவோ தெரியும்; 'அ' தாயின் ஊதா இது.

ஆழமில்லாத நீரில் வாழும் பவளங்களில் இப்புரதங்களின் உற்பத்தியைப் பெரிதும் தூண்டுவது நீல ஒளி. வெயில் கடுமையான இடத்தில் பாசிக்கு இவை குடை பிடிக்கின்றன. பாசி நிறைந்த தோலில் உள்ளே புகும் நீல ஒளியைப் பாசியே விழுங்கிவிடுவதால் தூண்டல் அடங்கியிருக்கும். பாசி குறைந்தால் (வெளிறல் என்பது இதுதான்) அந்த ஒளியை விழுங்க ஆள் இல்லை. போதாக்குறைக்கு வெள்ளை எலும்புக்கூடு ஒளியைச் சிதறடித்துத் தோலுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. தோலுக்குள் நீல ஒளி மேலும் கூடுகிறது, விலங்கு மேலும் புரதம் செய்கிறது. பழுப்புப் போர்வை விலகியதால் ஏற்கெனவே இருந்த நிறம் வெளியே தெரிவது ஒரு பங்கு. புதிதாக ஆக்கும் நிறம் மற்றொரு பங்கு. கடலில் வெப்ப அலைகளின்போது சில பவளங்கள் வெள்ளையாகாமல் பளீர் நிறங்களில் மின்னியதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2020இல் விளக்கியது. 'வண்ண வெளிறல்' என்று இதைச் சொல்லலாம். அவர்கள் ஆய்வின்படி இது வெறும் சாகும் அறிகுறி அல்ல. நிறமி, உள்ளே ஒளியைத் தணித்து, பாசி திரும்பி வந்து பெருக வழி செய்கிறது. கடுமையான, நீண்ட வெப்பத்தில் இப்படி வண்ணம் தோன்றுவது அரிது. மிதமான அல்லது குறுகிய அழுத்தத்தில்தான் தோன்றும்.

இந்தப் புரதங்களை எல்லாப் பவளங்களும் ஒரே அளவில் செய்வதில்லை. அக்ரோபோரா மில்லெபோரா என்ற இனத்தில் ஒரே சிவப்புப் புரதத்துக்கான மரபணு பல படிகளாக இருக்கிறது. எத்தனை படிகள் செயல்படக்கூடியவை என்பதைப் பொறுத்து, ஒரே இடத்தில் அருகருகே வளரும் இரு பவளங்கள் வேறு வேறு அடர்த்தியில் நிறம் காட்டுகின்றன. 'இ' தாய் ஏன் வெள்ளையானது என்ற கேள்விக்கு இப்போது விடை எளிது. அதனிடம் காட்டுவதற்கு நிறம் இல்லை. பாசி போனதும் எலும்புக்கூடு தெரிந்தது. மூன்றிலும் அது பலவீனமானது அல்ல, ஒளிவுமறைவு இல்லாதது.

அளந்து பார்த்தவை

இதெல்லாம் அதுவரை ஊகம்தான். எதிர்வாதமும் வலுவாக இருந்தது. ஒளி கூடினால் நலமான பவளமும் நிறம் மாறும். பாசி தன் ஒவ்வொரு செல்லிலும் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும், விலங்கு நிறமியைக் கூட்டும். இது இசைவாக்கம், நோய் அல்ல. மேலாளர் இதைத்தான் சொன்னார். அவர் சொன்னது தவறான அறிவியலும் இல்லை. மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் இருந்தது. பவளத்துக்குள் ஒரு பாசி வகை ஒடுங்கி இன்னொரு வகை மேலோங்கினாலும் நிறம் மாறலாம்.

முதலில் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தோம். வெளிறல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெப்பம்தான். இரண்டு தொட்டியும் 25க்கும் 26 டிகிரிக்கும் இடையில் நிலையாக இருந்தன. உப்புத்தன்மை, காரத்தன்மை, கால்சியம் எதிலும் சொல்லும்படியான ஏற்றத்தாழ்வு இல்லை.

ஒளியை நீருக்கடியில், துண்டுகள் இருக்கும் உயரத்திலேயே வைத்து அளந்தோம். பழைய விளக்கில் இருந்ததைவிடப் பல இடங்களில் இரு மடங்கு ஆகியிருந்தது. கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. நம் கண் ஆழ்ந்த நீலத்தை மங்கலாகவே காண்கிறது, பாசிக்கோ அது முழு விருந்து.

நீரில் நைட்ரேட் தாராளமாக இருந்தது. பாஸ்பேட், கருவி காட்டக்கூடிய எல்லைக்கும் கீழே. காட்சித் தொட்டியில் இரண்டும் இருந்தன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தே குறைவாக இருந்தால் பவளம் சமாளிக்கும். இயற்கையான பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள நீர் அப்படித்தான். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் இல்லாமல் போவதுதான் தொல்லை. நைட்ரேட்டின் பலத்தில் பாசி பெருகப் பார்க்கும்; செல்சவ்வுக்கு வேண்டிய பாஸ்பரஸ் கிடைக்காமல், கந்தகம் கலந்த கொழுப்பை வைத்து ஒப்பேற்றும். அப்படிப்பட்ட பாசி அதிக ஒளியையோ வெப்பத்தையோ தாங்காது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டிச் சோதனைகளில் காட்டியிருக்கிறது.

நிறத்தை அளக்கக் கோரல்வாட்ச் நிற அட்டையைப் பயன்படுத்தினோம். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டத்தின் அட்டை இது. 1 முதல் 6 வரை அடர்த்தி எண்கள் இருக்கும். ஒரே பவளத்தில் இரண்டு படி இறங்கினாலே பாசியின் எண்ணிக்கையோ பச்சையமோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெள்ளை ஒளியில் பார்த்தபோது மூன்று தாய்களின் வளர்ப்புத் தொட்டித் துண்டுகளும் காட்சித் தொட்டித் துண்டுகளைவிட இரண்டு படிக்கு மேல் கீழே இருந்தன. அட்டை பழுப்பின் அடர்த்தியைப் பார்ப்பதற்கானது. அடர் ஊதாத் துண்டில் எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுவது என்று குழப்பம் வரும். நிறமி குறைந்த கிளையடியைப் பார்த்து எண் கொடுத்தோம். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கும் என்பதால் ஒருவரே எல்லாத் துண்டுகளையும் பார்த்தார்.

பிறகு நீல விளக்கும் மஞ்சள் வடிகட்டிக் கண்ணாடியும். இது பலரும் வேடிக்கைக்காகச் செய்வது, ஆனால் கவனித்தால் உதவும். பாசியின் பச்சையமும் நீல ஒளியில் அடர்சிவப்பாக ஒளிரும். காட்சித் தொட்டியின் 'இ' துண்டில் அந்த மங்கிய சிவப்பு சீராகப் பரவியிருந்தது. வளர்ப்புத் தொட்டியின் 'இ'யில் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. 'ஆ'வில் பச்சை ஒளிர்வு மிகுதியால் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

ஊகத்தை உறுதியாக்கியவை அடுத்த இரண்டு அளவுகள். சிறு துண்டுகளின் தோலை நீர்ப் பீய்ச்சியால் கழற்றி, எண்ணும் கட்டமிட்ட கண்ணாடியில் வைத்து, நுண்ணோக்கியில் பாசியை எண்ணினோம். வளர்ப்புத் தொட்டித் துண்டுகளில் ஒரே பரப்புக்குக் காட்சித் தொட்டியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மூன்று தாய்களிலுமே. மிஞ்சிய செல்கள் வழக்கத்தைவிடப் பெருத்து, உள்ளே சேமிப்புத் துகள்கள் அடைத்துக் கிடந்தன. பாஸ்பேட் பஞ்சத்தில் பாசி இப்படித்தான் தோன்றும். அடுத்து, பாம் எனப்படும் ஒளிர்வுமானியால், துண்டுகளை இருட்டில் வைத்த பின் ஒளிச்சேர்க்கை அமைப்பின் திறனைப் பார்த்தோம். நலமான பாசியில் இந்த எண் 0.6 முதல் 0.7 வரை இருக்கும். காட்சித் தொட்டி அந்த வரம்புக்குள் இருந்தது. வளர்ப்புத் தொட்டி 0.5க்கும் கீழே. வெறும் இசைவாக்கம் என்றால் செல்லுக்கான பச்சையம் குறையலாம். எண்ணிக்கை இவ்வளவு சரிவதும், இருட்டில் ஓய்வெடுத்த பிறகும் திறன் மீளாததும் இசைவாக்கத்தில் வராது.

பாசி வகையை அறிய மரபணு ஆய்வுக்கு மாதிரி அனுப்பினோம். முடிவு தாமதமாகத்தான் வந்தது. இரு தொட்டியிலும் கிளாடோகோபியம் என்ற பேரினமே மேலோங்கியிருந்தது. ஆக, ஆள் மாறவில்லை, ஆள் குறைந்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

காட்சித் தொட்டியின் விளக்கு, குருணை மாற்றங்கள் மறு முடிவு வரும்வரை ஒத்திவைக்கப்பட்டன. இதில் யாருக்கும் மறுப்பில்லை.

வளர்ப்புத் தொட்டியில் என்ன செய்வது என்பதில்தான் கருத்து பிரிந்தது. குருணையை உடனே எடுத்துவிட்டு, பாஸ்பேட் கரைசலை ஊற்றி ஒரே நாளில் அளவைச் சரிசெய்துவிடலாம் என்றார் மூத்த பராமரிப்பாளர். நான் வேண்டாம் என்றேன். ஒன்று, இழைப்பாசி அதைப் பவளத்துக்கு முன் பிடித்துக்கொள்ளும்; நலிந்த துண்டுகளின் மேல் படர்ந்துவிட்டால் மீட்பது கடினம். இரண்டு, ஒளி குறையாமல் இருக்கும்போது பாசிக்குத் திடீர் ஊட்டம் கிடைப்பதால் என்ன ஆகும் என்பது நிச்சயமில்லை. சேதத்தை நேரடியாக உண்டாக்கிக்கொண்டிருந்தது ஒளி. அதைத் தணிப்பதால் கெடுதல் வர வழி குறைவு. அதனால் முதலில் ஒளி, பிறகு ஊட்டம் என்று வரிசை வைத்தோம். நிறக்கலவையை மாற்றாமல் விளக்கின் வலுவை மட்டும் பாதியாக்கினோம்.

காரணம் ஒளியா, பாஸ்பேட்டா, இரண்டுமா என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், அடுத்த முறை இதே நிலைக்குத்தான் வருவோம். அதற்காக உயிர்களை அப்படியே தவிக்க விடவும் முடியாது. இளைய பராமரிப்பாளர் ஒரு நல்ல வழி சொன்னார். மூன்று தாய்களிலிருந்தும் சில துண்டுகளைக் காட்சித் தொட்டியின் மேல்தட்டுக்கு மாற்றலாம். அங்கே ஒளி, வளர்ப்புத் தொட்டியில் இருந்த அளவுக்கே கடுமை, வேறுபாடு, நீரில் பாஸ்பேட் இருப்பது மட்டும்தான். அவை மீண்டால் ஒளி தனிக் குற்றவாளி அல்ல. அவற்றின் நிலை மோசமானால் உடனே நிழலுக்கு இறக்கிவிடலாம். அப்படியே செய்தோம். மீதி துண்டுகள் வளர்ப்புத் தொட்டியில், குறைந்த ஒளியில், பாஸ்பேட் இல்லாத அதே நீரில் சிறிது காலம் இருந்தன.

கூடவே இரவுத் தீனி. பாசி குறைந்த பவளத்துக்குச் சர்க்கரை வரத்து குறைவு. சில பவளங்கள் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்று அதை ஈடுகட்டும். விளக்கணைந்த பிறகு ரோட்டிஃபர்களையும் முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியாவையும் கொடுத்தார்கள்.

'இ' துண்டுகளை அப்புறப்படுத்துவதையும் நிறுத்தினோம். வெள்ளையாக இருந்தாலும் கண்ணாடி போன்ற தோல் எலும்புக்கூட்டின் மேல் முழுமையாக இருந்தது, பாலிப்புகளும் தொட்டால் சுருங்கின. வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. தோல் உரிந்து, வெற்று எலும்பில் பாசிப் படலம் ஏறிய பிறகுதான் அது முடிந்த கதை. அதற்கு முன் எறியப்பட்டவற்றில் எத்தனை பிழைத்திருக்குமோ என்ற பேச்சு குழுவுக்குள் வந்தது. அதை மேலும் வளர்க்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

காட்சித் தொட்டியின் மேல்தட்டுக்குப் போன துண்டுகள்தான் முதலில் பேசின. அவ்வளவு ஒளியிலும் பழுப்பு திரும்பியது. முதலில் கிளையடியில், பிறகு பாலிப் வாய்களைச் சுற்றி, கடைசியாக நுனியை நோக்கி. நுனி வெண்மையாகவே நின்றது. அக்ரோபோராவில் விரைந்து வளரும் நுனிக்குப் பாசி எட்டிப் பிடிக்க நேரமாகும் என்பதால், நுனி வெண்மை நலக்கேடு அல்ல, வளர்ச்சியின் அடையாளம். இருட்டுக்குப் பின் எடுத்த திறன் எண்ணும் படிப்படியாக ஏறியது.

வளர்ப்புத் தொட்டியில் ஒளி குறைந்த துண்டுகள் மேலும் கெடுவது நின்றது. ஆனால் மீளவும் இல்லை. நிழல் காப்பாற்றியது, குணமாக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது படம் தெளிவானது: பாசியை நலிய வைத்தது பாஸ்பேட் பஞ்சம், நலிந்த பாசியை வீழ்த்தியது ஒளி. அதன் பிறகு குருணையைப் பாதி எடுத்தார்கள், அப்புறம் மீதியை. தீனி பழைய அளவுக்கு வந்தது. பாஸ்பேட் கருவியில் தெரியும் அளவுக்கு மெல்ல ஏற, மூன்று தாய்களிலும் பழுப்பு வரத் தொடங்கியது.

எல்லாத் துண்டுகளும் தப்பவில்லை. விளக்குக்கு நேர் கீழே இருந்த சில மெல்லிய துண்டுகள், ஒளியைக் குறைத்த பிறகும், அடியிலிருந்து தோல் உரிந்து இறந்தன. அவற்றில் 'அ' தாயின் துண்டுகளே அதிகம், அதாவது எல்லோரும் படமெடுத்துக்கொண்ட அதே ஊதாத் துண்டுகள். நிறமி கொஞ்சம் குடை பிடித்திருக்கலாம். ஆனால் நிறம் கூடியதைப் பார்த்து அவற்றைத்தான் இன்னும் வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். 'இ' துண்டுகள் வெளிறியதால் மூலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த மூலையின் நிழலே மிச்சமிருந்த பலவற்றைக் காப்பாற்றியது. பலவீனமான தாய் என்று பெயர் வாங்கியதில்தான் இறுதியில் இழப்பு குறைவு. இதிலிருந்து 'இ' உறுதியான தாய் என்று தலைகீழ் முடிவுக்கும் போகக்கூடாது; இடம் வேறு, ஒளி வேறு.

பழுப்பு திரும்பத் திரும்ப ஊதாவும் பச்சையும் மங்கின. மேலாளருக்கு வருத்தம். மறைக்கவும் இல்லை: உயிர் பிழைத்தது சரி, பழையபடி யாரும் நின்று பார்க்காத பவளமாக ஆகிவிட்டதே என்றார். அது நியாயமான கவலைதான். காட்சியகம் பார்வையாளர்களை நம்பி நடப்பது. அதனால் இரண்டாம் கட்டமாக, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அளவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பாசி எண்ணிக்கை நிலைத்த பிறகு, ஒளியைச் சிறு சிறு படிகளாகக் கூட்டினார்கள். ஒவ்வொரு படிக்கும் பின் நிற அட்டை, பாலிப் நீட்சி, திறன் எண் மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே அடுத்த படி. 'அ' துண்டுகளில் பழுப்பு உடலும் ஊதா நுனியும் ஊதா விளிம்பும் வந்தன. முன்பு கண்ட பளபளப்பு இல்லை. கிளை நீண்டுகொண்டிருந்தது. 'ஆ'வின் பச்சை நீல ஒளியில் நன்றாகவே தெரிந்தது, இம்முறை அதன் கீழே பச்சையத்தின் சிவப்பும் இருந்தது. 'இ' பழுப்பாகவே இருக்கிறது. எத்தனை விளக்கு போட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

மாற்றிக்கொண்டவை

நிறத்தைப் பற்றிய பதிவு எதுவானாலும் வெள்ளை ஒளியில் எடுத்த படமும் அட்டை எண்ணும் இருந்தால்தான் இப்போது பதிவேட்டில் ஏறும். நீல விளக்குப் படங்கள் சுவரொட்டிக்குப் போகலாம், பதிவேட்டுக்கு வராது. 'நிறம் நன்றாக உள்ளது' என்ற சொற்றொடரை எழுதுவதையும் விட்டுவிட்டார்கள். பழுப்பின் அடர்த்தி ஒரு கட்டம், விலங்கு நிறமி இன்னொரு கட்டம் என்று படிவமே பிரிந்துவிட்டது. முதல் கட்டம் இறங்கி இரண்டாவது ஏறினால் அன்றே நீரை அளக்க வேண்டும்.

நிறமி இல்லாத 'இ' போன்ற தாயின் துண்டு ஒன்றாவது ஒவ்வொரு தொட்டியிலும் இருக்க வேண்டும் என்பது இளைய பராமரிப்பாளரின் யோசனை. மறைக்க ஒன்றும் இல்லாத பவளம் முதலில் காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றிய மாற்றம் இதுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

விளக்கு, வடிகட்டிப் பொருள், தீனி என மூன்றுக்கும் இருந்த தனித்தனிப் பக்கங்கள் ஒரே கால அட்டவணையாயின. ஒன்றை மாற்றினால், அதன் விளைவு தெரியும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை. புதிய விளக்கு என்றால் முதல் நாளே துண்டுகளின் உயரத்தில் ஒளியை அளந்து, பழைய அளவில் தொடங்க வேண்டும்.

பாசியை எண்ணுவதை வழக்கமான வேலையாக்கவில்லை. அதற்காகத் துண்டுகளை அழிக்க வேண்டியிருக்கிறது; இருட்டில் எடுக்கும் திறன் எண்ணும் அட்டையும் சேர்ந்து முரண்பட்ட செய்தி தரும்போது மட்டும் செய்வது என்று வைத்தார்கள். இழைப்பாசித் தொல்லை வளர்ப்புத் தொட்டியில் இன்னும் இருக்கிறது. இப்போது அதைக் கையால் உரசி எடுக்கிறார்கள், மேய்ச்சல் நத்தைகளையும் விட்டிருக்கிறார்கள். இரும்புக் குருணை அலமாரியில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் சிறிதளவு போடலாம். பாஸ்பேட் கருவியின் எல்லையைத் தொடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.